மாடிப்படியில் நீங்களே போட்ட கார்பெட் தொல்லை தருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மாடிப்படிக் கார்பெட்டில் குறை தெரியும் இடம் ஒன்று, இருக்கும் இடம் வேறு. படியின் விளிம்பில் நழுவும். காரணம் பின்மூலையில் ஒளிந்திருக்கும். இது தெரியாமல், நழுவுகிற இடத்திலேயே நாலு ஸ்டேப்லர் பின் அடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். சில நாளில் அது பிடுங்கிக்கொள்ளும், அப்புறம் கார்பெட்டைத் திட்டுவார்கள். வீட்டுக்காரர்களே போட்ட படிக் கார்பெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற தொல்லைகளை இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், கையைக் கடிக்கிற வேலை கடைசியில்.

கீழே அடிக்கடி வரும் பெயர்கள் சில. காலை வைக்கும் கிடைப்பரப்பு மிதி. நிமிர்ந்து நிற்கும் முகம் ரைசர். மிதியின் முன்விளிம்பு மூக்கு. மிதியின் பின்பக்கமும் அடுத்த ரைசரின் அடியும் சேரும் இடம் உள்மூலை. சாய்ந்த ஆணிகள் துருத்தும் மெல்லிய மரப்பட்டை கிரிப்பர். கார்பெட்டுக்கு அடியில் விரிக்கும் மெத்தை அண்டர்லே. கார்பெட்டின் மேல்பக்கம் நிற்கும் நூல் முடி.

கையில் இருக்க வேண்டியவை: புது பிளேடு போட்ட கட்டர், தட்டை ஸ்க்ரூடிரைவர், குறடு, அகன்ற மழுங்கிய உளி, சுத்தியல், எலெக்ட்ரிக் ஸ்டேப்லர், டார்ச், தடித்த கையுறை. முழங்காலால் முட்டி கார்பெட்டை இழுக்கும் கிக்கர் வாடகைக்குக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். கையால் இழுப்பது இழுப்பே இல்லை.

ஒரே ஒரு படி நழுவினாலும், அது சரியாகும் வரை சாக்ஸ் போட்ட காலோடு யாரும் அந்தப் படிகளில் இறங்க வேண்டாம். பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடு என்றால், அந்தப் படியின் மேல் பளிச்சென்று தெரிகிற டேப் ஒட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

அறிகுறி 1: மூக்கில் கார்பெட் நழுவுகிறது, தூக்கினால் எழும்புகிறது

இதுதான் அதிகம் வருவது, ஆபத்தானதும் இதுதான். முதலில் சோதனை. மிதியின் நடுவில் உள்ளங்கையை வைத்து, மூக்கை நோக்கி அழுத்தித் தள்ளுங்கள். அப்புறம் மூக்கின் கீழே விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். எல்லாப் படியிலும் இதைச் செய்து, நழுவும் படிகளில் மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டே போங்கள்.

*ஒன்றிரண்டு படிகளில் மட்டும் நழுவுகிறது என்றால்* உள்மூலையைப் பாருங்கள். கார்பெட் இரண்டு கிரிப்பர்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஆழமாகச் செருகியிருக்க வேண்டும். விரலை விட்டால் இடுக்கு மெத்தென்று அமுங்குகிறதா? சரியாகச் செருகவில்லை. அகன்ற உளியை இடுக்கில் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். உளி மழுங்கியிருக்க வேண்டும், கூராக இருந்தால் அடித்துணியை வெட்டிவிடும். பாதிக்குப் பாதி இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

*தட்டியும் நிற்கவில்லை என்றால்* கார்பெட்டை அந்த உள்மூலையிலிருந்து விடுவிக்க வேண்டும். தட்டை ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு, ஓரத்திலிருந்து மெல்ல நெம்புங்கள். நடுவிலிருந்து இழுத்தால் அடித்துணி கிழியும். விடுவித்ததும் டார்ச் அடித்துக் கிரிப்பரைப் பாருங்கள். பார்க்க வேண்டியவை மூன்று:

ஆணிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன? மிதியில் உள்ள கிரிப்பரின் ஆணி ரைசரை நோக்கியும், ரைசரில் உள்ளதன் ஆணி கீழே மிதியை நோக்கியும் சாய வேண்டும். அதாவது இரண்டும் உள்மூலையைப் பார்க்க வேண்டும். தலைகீழாக அடித்திருந்தால் கார்பெட்டை எவ்வளவு இழுத்தாலும் வழுக்கிக்கொண்டே வரும். பட்டையை நெம்பி எடுத்துத் திருப்பி அடிப்பதைத் தவிர வழியில்லை.

மூலையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது? இரு பட்டைகளும் உள்மூலையிலிருந்து 15 முதல் 20 மி.மீ. தள்ளி இருந்தால் பெரும்பாலான கார்பெட்டுகளுக்குச் சரி. கார்பெட் அந்த இடுக்கில் கையால் போகக்கூடாது, உளியால் தட்டினால்தான் போக வேண்டும். கையாலேயே உள்ளே போனால் இடுக்கு அகலம். மூலையோடு மூலையாகப் பட்டையை ஒட்டி அடித்திருந்தால் செருக இடமே இல்லை.

அண்டர்லே கிரிப்பரின் மேல் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் ஆணி மெத்தையைத்தான் பிடிக்கும், கார்பெட்டை அல்ல. கட்டரால் பட்டையின் விளிம்போடு சீவி எடுங்கள்.

*எல்லாப் படியும் நழுவுகிறது என்றால்* அண்டர்லேயைச் சந்தேகப்படுங்கள். அறைக்கு வாங்கிய தடித்த மெத்தை மீதியிருக்கிறதே என்று படியில் விரித்துவிடுவார்கள். அது காலடியில் சுகமாக இருக்கும். ஒவ்வொரு மிதிப்புக்கும் அமுங்கி எழும்போது கார்பெட்டை ஆணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடும். படிக்கு மெல்லியதும் அடர்த்தியானதுமே வேண்டும். 10 மி.மீ.க்கு மேல் போகவே கூடாது, 6 முதல் 9 மி.மீ. நல்லது. கட்டைவிரலால் அழுத்தும்போது அடியில் உள்ள பலகை உடனே தட்டுப்பட்டால் அந்த மெத்தை படிக்கு ஆகாது. மாற்றுவதென்றால் கார்பெட் முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

தளர்ச்சியைப் பற்றி ஒரு விஷயம். மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாகப் போட்ட கார்பெட்டில், நாலைந்து மில்லிமீட்டர் தளர்ச்சியை அந்தப் படியின் உள்மூலையிலேயே செருகிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் அந்தப் படியிலிருந்து கடைசிப் படிவரை ஒவ்வொன்றாக விடுவித்து, கிக்கரால் இழுத்து, மிஞ்சியதைக் கீழே தள்ளிக்கொண்டு போய் வெட்ட வேண்டும். இடையில் ஒரு படியில் மட்டும் இழுத்துக் கட்ட முடியாது. இழுத்தபின் உள்மூலையில் முடியை விரலால் விலக்கிவிட்டு 7, 8 செ.மீ.க்கு ஒரு பின் அடியுங்கள். மூக்கின் மேலோ மிதியின் நடுவிலோ பின் அடிக்கவே அடிக்காதீர்கள். கால் பட்டுப் பட்டு அது எழும்பி, ஒரு நாள் பாதத்தில் ஏறும்.

*ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது:* கிரிப்பரும் அண்டர்லேயும் சரியாக இருந்தும், இழுத்துப் போட்டது மறுபடி தளர்கிறது என்றால் கார்பெட்டின் அடித்துணியே அடுக்கு பிரிகிறது. ஓரத்தை மடக்கிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ, இரண்டு அடுக்கும் தனித்தனியாக உரிந்தாலோ அந்தக் கார்பெட்டின் ஆயுள் முடிந்தது. ஒரு கார்பெட் போடுபவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

அறிகுறி 2: மூக்கில் அடித்துணி பல்லிளிக்கிறது

இங்கே எளிய காரணம் அதிகம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையால் கார்பெட்டை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் முடி கீழ்நோக்கிப் படுத்திருக்கிறது, அதுதான் முறை. கீழிருந்து மேலாகத் தடவும்போது வழவழப்பாக இருந்தால் கார்பெட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். மூக்கில் வளையும்போது முடி பிளந்து அடித்துணி தெரியும். காலடி பட்டு அந்த இடமே முதலில் தேயும். இதற்கு ஒட்டு வேலை எதுவும் கிடையாது, எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். துண்டு நீளம் போதுமா என்று அளந்து பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

முடி சரியாகத்தான் படுத்திருக்கிறது, ஆனாலும் தெரிகிறது என்றால் வளைய முடிச்சுக் கார்பெட்டா (நூலை வெட்டாமல் வளையமாகவே விட்டது) என்று பாருங்கள். அதில் வளையங்களின் வரிசை படியின் குறுக்கே ஓடினால், மூக்கில் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே வாய் பிளக்கும். வரிசைகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இனி வாங்கும்போது கடையிலேயே கார்பெட்டின் ஓரத்தை மேசை விளிம்பில் மடித்துப் பாருங்கள். அங்கே தெரிகிறதுதான் படியிலும் தெரியும்.

மூன்றாவது காரணம் மூக்கே கத்தி மாதிரி கூராக இருப்பது. மரப்படி என்றால் விளிம்பை அரத்தால் கொஞ்சம் உருட்டிவிடலாம். பழைய வீடு, படியில் பல அடுக்கு பெயின்ட் என்றால் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், தூளாகப் பறக்கவிடக் கூடாது. அதை அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். அண்டர்லே மூக்கின் விளிம்போடு நின்றுவிட்டாலும் இதே கதிதான்: அது மூக்கைச் சுற்றி வந்து ரைசரில் 5 முதல் 7 செ.மீ. இறங்கி, மூக்குக்குக் கீழே பின் அடித்து நிற்க வேண்டும்.

அறிகுறி 3: மிதியில் சுருக்கம், அலை

போட்டுச் சில நாள்தான் ஆகிறது என்றால் கார்பெட் அறையின் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் பழகுமுன் போட்டிருப்பார்கள். போடுவதற்கு முன் சுருளைப் பிரித்து, ஒரு முழு நாள் வீட்டுக்குள் விரித்து வைக்க வேண்டும். இப்போது செய்ய வேண்டியது அறிகுறி 1-ல் சொன்ன இழுப்புதான். சுருக்கம் ஒரே ஓரத்தில் மட்டும் கூடுகிறதென்றால் அது தளர்ச்சி அல்ல, கோணல். அறிகுறி 5-க்குப் போங்கள்.

ஷாம்பூ போட்டுக் கழுவியபின் அலை வந்திருந்தால் உடனே கை வைக்காதீர்கள். முழுவதும் காயட்டும். பல நேரம் தானே படிந்துவிடும். காய்ந்தும் படியாவிட்டால்தான் இழுக்க வேண்டும்.

அறிகுறி 4: வெறுங்காலில் குத்துகிறது

வெறுங்கையால் தடவித் தேடாதீர்கள். பழைய பனியனைச் சுருட்டி, படியின் மேல் தேய்த்துக்கொண்டே போங்கள். துணி மாட்டும் இடம்தான் குத்தும் இடம்.

மிதியின் நடுவிலோ மூக்கிலோ மாட்டினால் அது பாதி மட்டும் இறங்கிய ஸ்டேப்லர் பின். குறடால் நேராக மேலே இழுத்து எடுத்துவிடுங்கள். அடித்து உள்ளே இறக்கப் பார்த்தால் வளைந்து நிற்கும்.

உள்மூலைக்குப் பக்கத்தில் மாட்டினால் கிரிப்பர் ஆணி. ஏறும்போது கால்விரல் ரைசரின் அடியில் முட்டுவதால், ரைசர் பட்டை ஆணிதான் பெரும்பாலும் விரலில் படும். மெல்லிய கார்பெட்டுக்கு நீள ஆணிப் பட்டை போட்டிருந்தால் இப்படி ஆகும். மேலே ஒரு சின்ன மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் முனை மட்டும் மடங்கும். ரொம்ப அடித்தால் பிடிப்பே போய்விடும். படிக்குப் படி குத்துகிறதென்றால், ஆணி குட்டையான பட்டைக்கு மாற்றுவதுதான் முறை.

அறிகுறி 5: நடுவில் போட்ட கார்பெட் ஒரு பக்கமாக ஓடுகிறது

ஓரம்வரை போடாமல் படியின் நடுவில் மட்டும் போடும் பட்டைக் கார்பெட்டில் வருவது. மேல்படியில் நேராக இருக்கும், கீழே வரும்போது ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருக்கும். கண்ணை நம்பாமல் டேப் எடுத்து, ஒவ்வொரு படியிலும் கார்பெட்டின் இரு ஓரத்திலிருந்தும் சுவர்வரை அளந்து எழுதுங்கள். எந்தப் படியில் வித்தியாசம் முதலில் தலைகாட்டுகிறதோ அங்கிருந்துதான் பிரிக்க வேண்டும். அதற்கு மேலே உள்ளதைத் தொட வேண்டாம்.

சுவரே கோணலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து அளந்து போட்டால் சுவரின் கோணல் கார்பெட்டுக்கும் வரும். அதனால் ஒவ்வொரு மிதியின் நடுப்புள்ளியையும் குறித்து, மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்துச் சரிபார்த்து, கார்பெட்டின் நடுக்கோட்டை அதோடு பொருத்துவதே நல்லது. இன்னொரு காரணம் கிக்கர். அதை எப்போதும் ஒரே பக்கம் வைத்து முட்டினால் அந்தப் பக்கம் படிக்கு இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இறுகும். பத்துப் படியில் அது இரண்டு சென்டிமீட்டர். நடுவில் ஒரு முட்டு, அப்புறம் இடம், வலம் என்று போங்கள்.

அறிகுறி 6: காலை வைத்தால் சத்தம்

எந்த மாதிரிச் சத்தம் என்று முதலில் கேளுங்கள். நறநறவென்றால் கிரிப்பர் பட்டை ஆடுகிறது, அல்லது அதன் அடியில் தூசியோ ஆணித் துண்டோ இருக்கிறது. உள்மூலையைத் திறந்து சுத்தம் செய்து, பட்டையை இரண்டு ஆணி கூட்டி அடித்தால் போகும்.

கிரீச்சென்றால் மரம். கார்பெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படியில் நடுவிலும் இரு ஓரங்களிலும் மாறி மாறி நின்று, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள். படிக்குக் கீழே போக வழி இருந்தால் வேலை சுலபம்: மிதியும் ரைசரும் சேரும் மூலையில் சின்ன மரக்கட்டையைப் பசை தடவி ஸ்க்ரூ போடுங்கள், தளர்ந்த ஆப்பு இருந்தால் பசையோடு தட்டி இறுக்குங்கள். மேலிருந்துதான் முடியும் என்றால் மூக்குப் பக்கத்தில் முடியை விலக்கி, முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு, சின்னத் தலை ஸ்க்ரூவை ரைசரின் மேல்விளிம்பில் இறங்கும்படி போடுங்கள். துளை போடாமல் ஏற்றினால் மிதி வெடிக்கும். டிரில் பிட்டில் கார்பெட் நூல் சுற்றிக்கொள்ளும், வளைய முடிச்சாக இருந்தால் ஒரு வரிசையே உருவிவிடும். அந்த வகையில் உள்மூலையிலிருந்து கார்பெட்டைத் தூக்கிவிட்டுச் செய்யுங்கள். இடுக்கில் டால்கம் பவுடர் தூவுவது சில வாரத்துக்குத்தான்.

காலை வைத்தால் மிதி கீழே இறங்குகிறது, விரிசல் தெரிகிறது, அல்லது படியின் பக்கப்பலகை சுவரை விட்டு விலகியிருக்கிறது என்றால் தச்சரைக் கூப்பிடுங்கள். அவர் முடிக்கும்வரை கார்பெட் வேலையைத் தொடாதீர்கள்.

அறிகுறி 7: சிமென்ட் படியில் கிரிப்பர் நிற்கவில்லை

ஆணி அடித்த இடத்தில் குழி விழுந்து பட்டை ஆடுகிறதா? பூச்சு உடைந்துவிட்டது. அதே இடத்தில் மேலும் ஆணி அடிக்காமல், பட்டையைச் சற்றுத் தள்ளி வைத்து, அதோடு சேர்த்து 6 மி.மீ. துளை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ ஏற்றுங்கள். 15 செ.மீ.க்கு ஒன்று போதும். ரைசரில் விளக்கு பதித்திருந்தால் வயர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் டிரில் வைக்கக் கூடாது. எலெக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டைல்ஸ், கிரானைட், மார்பிள் படி என்றால் ஆணியும் வேண்டாம் டிரில்லும் வேண்டாம், ஒரு தட்டில் கீறல் ஓடிவிடும். பட்டையைக் கட்டுமானப் பசையால் ஒட்டலாம். ஒட்டியது பிய்ந்து வந்திருந்தால் பட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பசை முழுவதும் பட்டையோடு வந்திருந்தால் படியில் தூசி, மெழுகு அல்லது பாலிஷ் இருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, துடைத்து, மறுபடி ஒட்டி, ஒரு முழு நாள் கழித்தே கார்பெட்டை இழுங்கள். மாலையில் ஒட்டிவிட்டு இரவே இழுத்தால் மறுபடி பிய்யும்.

அறிகுறி 8: ஓரத்தில் நூல் பிரிகிறது

நூலை இழுக்காதீர்கள். கத்தரியால் மட்டத்தோடு வெட்டிவிட்டு, வெட்டிய விளிம்பில் லேட்டக்ஸ் பசையை மெல்லிய கோடாக ஓட்டிக் காயவிடுங்கள். சுழல் பிரஷ் உள்ள வாக்குவம் கிளீனரை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பட்டைக் கார்பெட்டின் ஓரம் நீளத்துக்கும் பிரிகிறதென்றால், அதை எடுத்து ஓரம் தைப்பவரிடம் கொடுப்பதே மலிவு.

அறிகுறி 9: மேல்தளத்தின் விளிம்பில் கால் தடுக்குகிறது

கீழே விழ வைப்பதில் இது அறிகுறி 1-க்கு அண்ணன். காரணம் பெரும்பாலும் ஒன்றே: தளத்துக் கார்பெட்டும் படிக் கார்பெட்டும் மூக்கின் மேலேயே சந்திக்கின்றன, அதை மறைக்க ஓர் உலோகப் பட்டை. ஸ்க்ரூ தலை எழும்பியிருந்தால் இறுக்கிப் பாருங்கள், அது தற்காலிகம். சரியான முறை, தளத்துக் கார்பெட் மூக்கைத் தாண்டி மடங்கி, மூக்குக்குக் கீழே ரைசரில் முடிய வேண்டும். படிக் கார்பெட் அங்கே வந்து சேர வேண்டும். தளத்துக் கார்பெட் அதற்கு நீளம் போதாவிட்டால், இணைப்புத் தைக்கத் தெரிந்தவரை வரவழையுங்கள். இதை நீங்களே ஒட்டிப் பார்க்க வேண்டாம்.

கடைசிப் படிக்குக் கார்பெட் போதாமல் துண்டு சேர்த்திருந்தாலும் மூக்கின் மேல் இணைப்பு வரக்கூடாது. இணைப்பு உள்மூலையில் மட்டும் வரலாம். மூக்கிலோ மிதியிலோ இருந்தால் பிரித்து, அந்தப் படிக்கு முழுத்துண்டாக வெட்டி, முடி படுக்கும் திசை பார்த்துப் போடுங்கள்.

அறிகுறி 10: வாடை போகவில்லை

புதுக் கார்பெட், புதுப் பசை வாடை என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், நாலைந்து நாளில் குறையும். குறையாமல் பூஞ்சை நாற்றமாக மாறினால் அடியில் ஈரம். கீழ்ப்படிகளில்தான், அதுவும் தரையோடு சேர்ந்த சிமென்ட் படியில்தான் அதிகம். உள்மூலையைத் திறந்து அண்டர்லேயைத் தொட்டுப் பாருங்கள். பின்களும் கிரிப்பர் ஆணிகளும் துருப்பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் படியில் கார்பெட்டையும் அண்டர்லேயையும் தூக்கி, வெறும் மிதியின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் படிக்குள்ளிருந்து வருகிறது. அதை அடைக்காமல் எந்தக் கார்பெட் போட்டாலும் அழுகும். நீர்க்கசிவு பார்ப்பவரைத்தான் கூப்பிட வேண்டும்.

அறிகுறி 11: திருப்பத்துப் படிகளில் எதுவுமே உட்காரவில்லை

ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்ற முக்கோணப் படிகளில் ஒரே துண்டை இழுத்துவிட முடியாது. குறுகிய பக்கத்தில் மிஞ்சும் கார்பெட் மடிப்பாகக் குவியும். அந்த மடிப்பை ரைசரின் அடியில் மடித்துப் பின் அடித்து ஒளிக்கலாம் என்பார்கள். மெல்லிய கார்பெட்டில் அது நடக்கும், தடித்ததில் ரைசர் புடைத்துக் கால்விரல் தட்டும். ஒவ்வொரு படிக்கும் தாளில் வார்ப்பு எடுத்து, தனித்தனித் துண்டாக, மூன்று நாலு செ.மீ. கூட்டி வெட்டிப் போடுவது வீட்டில் செய்யக்கூடியதே. பூ வேலைப்பாடோ கோடோ உள்ள கார்பெட் என்றால் அந்த மூன்று, நாலு படிகளை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, நேர்ப்படிகளை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வேலை பேசும்போதே, திருப்பத்துக்கு மேலும் கீழும் கார்பெட் எந்த உள்மூலையில் முடிகிறது என்பதை அவரிடம் காட்டிவிடுங்கள்.